என் பல்லைத் தேடிப் போனேன்!

தட்டை தின்று அழுத ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றால், இதோ அடியேன்.

மத்தியானம் மூணரை மணி. ஆபீஸில் பக்கத்து சீட்டு நண்பர் ஊரிலிருந்து கொண்டுவந்த தட்டை. கறிவேப்பிலையும் கடலைப் பருப்பும் போட்டு, கருங்கல் பதத்தில் சுட்டிருந்தார் அவருடைய மாமியார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். தட்டைதான் என்று நினைத்து சந்தோஷமாக மென்றேன். அடுத்த கடியிலும் அதே ‘கடக்’. துப்பிப் பார்த்தால், உள்ளங்கையில் வெள்ளையாக ஒரு சில்லு. தட்டைக்குள் வெள்ளைச் சில்லு ஏது?

"ஐயய்யோ... என் பல்லு!"

கீழ் வரிசை, வலது பக்கக் கடைவாய்ப் பல். ஒரு வருஷத்துக்கு முன்னால் ரூட் கெனால் பண்ணியது. அப்போதே டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "வலி போயிடுச்சுன்னு ஓடிடாதீங்க. மேலே கேப் போட்டாத்தான் வேலை முடிஞ்சதா அர்த்தம்." நான் ஓடியே விட்டேன். வலி போன பிறகும் பல் டாக்டரிடம் போகிற இளைஞன் நம்ம ஊரில் எத்தனை பேர், கை தூக்குங்கள் பார்ப்போம்!

திரும்பிப் போய், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொத்தை பாதிப் பல்லைத் தின்னுடுச்சு. உள்ளே நரம்பை எடுக்க நாங்க போட்ட ஓட்டை வேற. மிச்சம் நிக்கிறது நாலு சுவர்தான். நீங்க கடிக்கும்போதெல்லாம் அது ரெண்டு பக்கமா விரியும். ஒருநாள் விரிஞ்சு பிளக்கும். அதைப் பிளக்க விடாம இறுக்கிப் பிடிக்கத்தான் கேப். சில பேருக்கு நடுவிலே வேர்வரைக்கும் பிளந்துடும். அப்புறம் பிடுங்கறதைத் தவிர வழியில்லே. உங்களுக்கு ஓரமாப் போயிருக்கு. மாமியார் புண்ணியம்!"

உடைந்த இடத்தை அடைத்து, பல்லைச் சுற்றிலும் ராவி, கேப் உட்கார இடம் பண்ணினார். அப்புறம் அச்சு எடுக்கும் படலம். சப்பாத்தி மாவு மாதிரி ரெண்டு கலரில் சிலிக்கான் உருண்டை. பிசைந்து, ஒரு ட்ரேயில் அப்பி, வாயில் திணித்து, "மூக்காலே மூச்சு விடுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் வழிய விட்டேன். மேல் வரிசைக்கு வேறு சரக்கு, அல்ஜினேட் பசை. கடல்பாசியிலிருந்து எடுப்பது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் முங்கிப் பறிக்கிற பாசிகளில் சர்காசம் என்ற வகை, அல்ஜினேட் எடுக்கத்தான் போகிறது. அந்தப் பெண்களை நினைத்துக்கொண்டு குமட்டலை அடக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு பையன் வந்தான். என் அச்சுகளை பிளாஸ்டிக் பையில் போட்டு, ஒரு சீட்டைச் சொருகிக்கொண்டு கிளம்பினான்.

"டாக்டர், அது எங்கே போகுது?"

"லேபுக்கு."

"ரத்த டெஸ்ட்டா?"

டாக்டர் சிரித்தார். "டென்டல் லேப் சார். உங்க பல்லைச் செய்யப் போறவங்க."

"நீங்க செய்ய மாட்டீங்களா?"

"நான் டெய்லர் கடையிலே அளவெடுக்கிற ஆள் மாதிரி. தைக்கிற மிஷின் வேற தெருவிலே ஓடுது."

முப்பத்தோரு வயசு வரைக்கும் எனக்குத் தெரியாத சங்கதி. டாக்டர்தான் ராத்திரி கண் விழித்து ஒவ்வொரு பல்லாகச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன். ஆசிரியரிடம் சொன்னேன். "பல்லுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்துட்டு வாய்யா" என்று அனுப்பிவிட்டார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு குறுகிய தெரு. மளிகைக் கடைக்குப் பக்கத்தில் மாடிப்படி. ஏறும்போதே ‘ஙொய்ய்ங்’ என்று ஒரு சத்தம். பல் டாக்டர் ரூமில் கேட்டு நடுங்குவோமே, அதே சத்தம். ஆனால் இங்கே யாரும் அலறவில்லை. எஃப்.எம். பாடிக்கொண்டிருந்தது. எட்டுப் பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர் முழுக்க ஷெல்ஃப். ஷெல்ஃப் முழுக்க தாடைகள்! மாவுக்கல் நிறத்தில், மஞ்சளில், நீலத்தில். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். எந்தத் தாடைக்கும் முகம் கிடையாது. நூறு பேர் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்து இளித்த மாதிரி இருந்தது.

பொறுப்பாளருக்கு 54 வயசு. "பேர் போடாதீங்க சார். டாக்டருங்க ‘என்னய்யா, ஸ்டார் ஆயிட்டியா’ன்னு கலாய்ப்பாங்க" என்றார். பையன்கள் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். எடுபிடியாக வந்து, பிளாஸ்டர் கலக்கிக் கலக்கித் தொழில் கற்றவர். இப்போதெல்லாம் டென்டல் மெக்கானிக் டிப்ளமா படித்துவிட்டு வருகிறார்கள். ‘டென்டல் மெக்கானிக்’ என்கிற பெயர் 1948-ம் வருடத்துப் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்துக்குத் தெரிந்த இவர்களை, இவர்கள் செய்த பல்லால் மென்று தின்கிற நமக்குத்தான் தெரியாது.

வந்த அச்சு முதலில் மருந்துத் தண்ணீரில் குளிக்கிறது. "எச்சில், ரத்தம் எல்லாம் இருக்கும் சார். எவன் வாயோ!" என்றான் ஒரு பையன். "இவர் வாய்தான்டா" என்றார் மாஸ்டர். பையன் என்னை நிமிர்ந்து பார்த்து அசடு வழிந்தான்.

அச்சுக்குள் ஸ்டோன் என்கிற கெட்டிப் பிளாஸ்டரை ஊற்றி, காற்றுக் குமிழி நிற்காமல் குலுக்கி, இறுகியதும் எடுத்தால் நம் தாடை. அல்ஜினேட்டாக இருந்தால் உடனே ஊற்றியாக வேண்டும். வெளியே வைத்தால் சுருங்கும், தண்ணீரில் போட்டால் உப்பும். அப்படிச் சுருங்கின அச்சில் செய்த பல், நேற்று வரை உங்கள் வாயாக இருந்ததற்குப் பொருந்தும்!

"இதோ உங்க பல்லு" என்று நீட்டினார் மாஸ்டர். ராவிய பல்லின் பிரதி. பாதி கரைந்த சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, ஈறு ஓரமாகச் சுற்றிலும் சிவப்புப் பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுக்கிறார் மனுஷர்.

"இதுதான் சார் மார்ஜின். கேப் முடியற இடம், உங்க சொந்தப் பல் ஆரம்பிக்கிற இடம். நாங்க வாங்கற சம்பளமே இந்தக் கோட்டுக்குத்தான்."

அவர் சொன்னதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. கேப்புக்கும் பல்லுக்கும் நடுவே இந்தக் கோட்டில் இடைவெளி விழுந்தால், ஒட்டுகிற சிமென்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்தச் சந்தில் சாப்பாடு போகும், கிருமி போகும். மேலே கேப் பளபளவென்று இருக்க, உள்ளே பல் சொத்தையாகும். நரம்பு எடுத்த பல்லாச்சே, வலிக்கவும் வலிக்காது. முதலில் கண்டுபிடிப்பது, எதிரே நின்று பேசுகிறவரின் மூக்காகத்தான் இருக்கும்.

எவ்வளவு இடைவெளி தாங்கும்? மக்லீன், வான் ஃபிரான்ஹோஃபர் என்று இரண்டு பேர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பற்களை 5 வருஷம் ஆராய்ந்து, 1971-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 120 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை. இன்றைக்கும் பல் மருத்துவப் புத்தகங்களில் இந்த எண்ணைத்தான் உரைகல்லாகச் சொல்கிறார்கள். ஒரு தலைமுடியை விடச் சற்றே கூடுதலான இடம். அதற்குள் நிற்க வேண்டும் மாஸ்டரின் பென்சில்!

"டாக்டர் எடுத்த அச்சிலே கோடு தெரியலைன்னா?"

மாஸ்டர் சிரித்தார். கொஞ்சம் கசப்பான சிரிப்பு. "நல்ல டாக்டர்னா போன் பண்ணிச் சொன்னா, பேஷன்டைத் திரும்ப வரச்சொல்லி வேற அச்சு எடுத்து அனுப்புவார். உங்க டாக்டர் அப்படி. சில பேர் ‘எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணுங்க மாஸ்டர்’பாங்க. எப்படியாவதுன்னா என்ன சார் அர்த்தம்? நான் மனசாலே கோடு போடணும். போட்டிருக்கேன். பொய் சொல்ல மாட்டேன்."

டாக்டர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. "பத்தாம் தேதி நிச்சயதார்த்தம், ஒன்பதாம் தேதி பல் வேணும்" என்று நிற்கிறவர்கள் நாம். "பக்கத்துத் தெருவிலே இதைவிடக் கம்மியா போடறாங்களே" என்று டாக்டரிடம் கத்தரிக்காய் பேரம் பேசுகிறவர்களும் நாம். அந்தப் பேரம் டாக்டரிடம் நிற்பதில்லை. படியேறி இந்த மாடிக்கு வருகிறது. இங்கே வந்து, சிவப்புக் கோட்டின் மேல் உட்காருகிறது.

அடுத்த மேஜையில் ஒருவர், சின்ன ஸ்பிரிட் விளக்கில் கத்தியைக் காட்டி, மெழுகைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பல் வடித்துக்கொண்டிருந்தார். மெழுகில் பல், அதைச் சுற்றி மாவுச் சரக்கை ஊற்றி அச்சு, சூட்டில் மெழுகு உருகி ஓடிவிடும், காலியான இடத்தில் உருக்கிய உலோகம். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? சுவாமிமலை ஸ்தபதிகள் நடராஜரை வார்க்கிற அதே மெழுகு வார்ப்பு வித்தைதான்! டாகர்ட் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1907-ல் இதைப் பல்லுக்குக் கொண்டுவந்து பிரபலப்படுத்தினார். அவர் வார்த்தது தங்கம். இங்கே நிக்கல்-குரோமியம், கோபால்ட்-குரோமியம். அதன் மேல் பீங்கான் பொடியைக் குழைத்து, ஓவியன் மாதிரி பிரஷ்ஷால் பூசி, சூளையில் சுமார் 900 டிகிரியில் சுட்டு எடுத்தால், உள்ளே உலோகமும் வெளியே பல் நிறமுமாக ஒரு கேப். சுடும்போது பீங்கான் சுருங்கும். அதனால் கொஞ்சம் பெரிசாகவே பூச வேண்டும். எவ்வளவு பெரிசு என்பது கைக்குத்தான் தெரியும்.

ஒரு மூலையில் பல்செட் வேலை. ரோஸ் கலர் அக்ரிலிக் ஈறு, அதில் வரிசையாகப் பல். பல்செட்டின் சரித்திரத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், பயமும் வரும். 1815-ல் வாட்டர்லூ போர் முடிந்ததும், செத்த சிப்பாய்களின் பற்களைப் பிடுங்கிக்கொண்டு போய், பணக்காரர்களின் பல்செட்டில் வைத்தார்கள். ‘வாட்டர்லூ பல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்து ‘வல்கனைட்’ ஈறு வந்தது. மலிவு. ஆனால் காப்புரிமை ஒரு கம்பெனியிடம். ஒவ்வொரு டாக்டரும் கப்பம் கட்டணும். கட்டாதவர்கள் மேல் கேஸ் மேல் கேஸாகப் போட்டார், அந்தக் கம்பெனியின் பொருளாளர் ஜோசையா பேக்கன். 1879 ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் அறையில் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் டாக்டர் அவரைச் சுட்டே கொன்றுவிட்டார்! 1881-ல் காப்புரிமை காலாவதி. இரண்டே இரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம்.

"எல்லாம் பழைய கதை. இங்கே வாங்க" என்று கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போனார் மாஸ்டர். ஏசி ரூம். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு இளைஞன். திரையில் என் பல் பூசணிக்காய் அளவில் சுழன்றுகொண்டிருந்தது. என் தாடையை ஸ்கேனரில் வைத்து உள்ளே ஏற்றிவிட்டார்கள். மவுஸால் மேட்டை இழுக்கிறான், பள்ளத்தை அமுக்குகிறான். வீடியோ கேம் மாதிரி இருக்கிறது. சூரிச்சில் மோர்மன் என்ற பல் மருத்துவரும் பிராண்டெஸ்டினி என்ற இன்ஜினீயரும் சேர்ந்து, 1985-ல் முதல் தடவையாக ஒரு நோயாளியின் பல் குழிக்கு, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே கம்ப்யூட்டரை வைத்து அடைப்பு கடைந்து கொடுத்தார்கள். அந்தக் குழந்தைதான் வளர்ந்து மாம்பலம் வரை வந்திருக்கிறது.

திரையில் முடித்ததும், பக்கத்தில் இருக்கிற மெஷின் ஒரு வெள்ளை வட்டத் தட்டில் பல்லைக் கடைந்தெடுக்கிறது. சிர்கோனியா. கடைந்த பல்லை உள்ளங்கையில் வைத்தான் பையன். "அமுக்கிடாதீங்க சார், சாக்பீஸ் மாதிரி உடைஞ்சிடும்." பார்த்தால் என் பல்லை விடப் பெரிசு. அளவு தப்போ என்று பதறினேன். தப்பில்லையாம். இருபது, இருபத்தைந்து சதவிகிதம் பெரிசாகத்தான் கடைவார்கள். சுமார் 1,500 டிகிரி உலையில் வெந்து வெளியே வரும்போது சரியான அளவுக்குச் சுருங்கியிருக்கும். இட்லி வெந்தால் உப்பும், இது வெந்தால் சுருங்கும்! சுருங்கிய பிறகு அதை உடைக்க மாமியார் தட்டையாலும் முடியாது.

"அப்போ இனிமே மாஸ்டர் வேண்டாமா?" என்று இளைஞனைச் சீண்டினேன். மாஸ்டரே பதில் சொன்னார். "அச்சே எடுக்காம, வாய்க்குள்ளே பேனா மாதிரி கேமராவை விட்டு, டாக்டரே ஸ்கேன் பண்ணி அனுப்பறதும் வந்தாச்சு. குமட்டல் கிடையாது. ரொம்ப நல்லது. ஆனா, ஈறு மூடியிருந்தா, ரத்தம் கசிஞ்சா கேமராவுக்குக் கோடு தெரியாது. பிளாஸ்டர்லே தெரியாதது கம்ப்யூட்டர்லேயும் தெரியாது. அதே ‘எப்படியாவது’தான் சார், இப்போ மவுஸிலே!"

பேசும்போது நடுநடுவே இருமினார். உலோகத்தையும் பீங்கானையும் ராவும்போது பறக்கிற தூள் கண்ணுக்குத் தெரியாது. வார்ப்பு மாவிலும் பீங்கானிலும் சிலிக்கா இருக்கிறது. வருஷக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலில் தழும்பு கட்டும். கல் உடைக்கிறவர்களுக்கு வருகிற அதே வியாதி. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே, 1994 முதல் 2000 வரை ஐந்து மாநிலங்களில் பல் லேப் ஊழியர்களுக்கு இந்த வியாதி வந்ததை 2004-ல் எழுதியது. சிலவகை நிக்கல் கலவைகளில் பெரிலியம் சேர்ப்பதுண்டு. அந்தத் தூசி இன்னும் மோசம். "நாங்க கத்துக்கிட்டப்போ மாஸ்க்கா, ஒண்ணா? கர்சீப் கட்டினாலே ‘என்னடா, புதுப் பொண்ணா நீ’ன்னு சிரிப்பாங்க" என்றார் மாஸ்டர். இப்போது ஒவ்வொரு மேஜையிலும் தூசி உறிஞ்சும் குழாய். மாஸ்க் போடாத பையனுக்கு அன்றைக்கு டீ கிடையாது. பெரிலியம் கலந்த உலோகத்தை உள்ளே விடுவதே இல்லையாம். எல்லா லேபிலும் இப்படியா என்றேன். பதில் சொல்லாமல் இருமினார்.

கலருக்கு வருவோம். பல் வெள்ளை என்று யார் சொன்னது? லேபில் ஒரு சின்னச் சட்டத்தில் 16 மாதிரிப் பற்கள் தொங்குகின்றன. ஏ-1, ஏ-2, பி-3, டி-4 என்று பெயர். கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் செம்மை. வெயில் வெளிச்சத்தில், பல் காய்வதற்கு முன்னால், ஐந்தாறு விநாடிக்குள் பார்த்து முடிவு பண்ண வேண்டும். அதற்கு மேல் முறைத்துப் பார்த்தால் கண் ஏமாற்றும். "பேஷன்டுங்க கேக்கறது ஒரே கலர்தான் சார். வாஷ்பேசின் வெள்ளை! மத்த பல்லெல்லாம் டீ, சிகரெட்டிலே ஊறியிருக்க, நடுவிலே ஒண்ணு மட்டும் டியூப்லைட் மாதிரி எரியும்."

ஒரு வாரம் கழித்து, கேப் மாட்டும் நாள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினேன். டாக்டர் கேப்பை வைத்தார், இரண்டு பக்கமும் நூல் விட்டுப் பார்த்தார், ஒரு எக்ஸ்ரே எடுத்தார். நடுவில் நீலக் காகிதத்தை வைத்து, "கடிங்க... அரைச்சுக் காட்டுங்க" என்றார். கேப்பில் ஒரு இடத்தில் நீலப் பொட்டு விழுந்தது. எனக்கு ஏதோ ஒரு அரிசி மாட்டின மாதிரி இருந்தது. மணியைப் பார்த்தேன். மேனேஜர் முகம் ஞாபகம் வந்தது. "பரவாயில்லே டாக்டர், பழகிடும்" என்றேன்.

"பழகாது!" முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "மரியாதைக்கு ‘பரவாயில்லே’ன்னு சொல்றவங்கதான் ரெண்டு நாள்லே தாடையைப் பிடிச்சுக்கிட்டு வருவாங்க. கேப் உயரமா இருந்தா மொத்த பாரமும் அந்த ஒரு பல்லிலே இறங்கும். உங்க வாயிலே என்ன நடக்குதுன்னு எனக்கோ, லேபுக்கோ, கம்ப்யூட்டருக்கோ தெரியாது சார். நீங்கதான் சொல்லணும்." இரண்டு தடவை ராவி, பாலிஷ் பண்ணி, அரிசி காணாமல் போன பிறகுதான் சிமென்ட் போட்டு ஒட்டினார். ‘கேப்புக்கு சொத்தை வராது, அதுக்கு அடியிலே இருக்கிற உங்க பல்லுக்கு வரும். ஈறு ஓரமாப் பிரஷ் பண்ணுங்க, சந்திலே நூல் விடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவையாவது வந்து காட்டுங்க’ என்று ஒரு பாட்டம் சொல்லி, என்ன சரக்கு, எந்த லேப், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டையும் கொடுத்தார். இந்தச் சீட்டை எல்லோருமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மூணாவது கையாக பைக் வாங்கும்போது கூட ஆர்.சி. புக்கைக் கேட்கிறோமே!

மேனேஜரிடம் திட்டு நிச்சயம் என்று ஆனபிறகு அவசரம் எதற்கு? நேராக மாம்பலம் போனேன். லேபுக்குக் கீழே டீக்கடையில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார்.

"மாட்டியாச்சா சார்?"

"மாட்டியாச்சு மாஸ்டர்."

கொஞ்சம் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க... வாயைத் திறந்து காட்டறீங்களா? முப்பது வருஷத்துக்கு மேலே இந்தத் தொழில்லே இருக்கேன். கடைவாய்ப் பல்லு எத்தனை ஆயிரம் செஞ்சிருப்பேனோ கணக்கில்லே. எல்லாம் பிளாஸ்டர்லே பார்த்ததுதான். வாயிலே பார்த்ததில்லே."

நடுத்தெருவில், டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘ஆ’ என்று வாயைப் பிளந்தேன். மாஸ்டர் செல்போன் டார்ச்சை அடித்து, குனிந்து, என் நாக்கை அந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லி, ரொம்ப நேரம் பார்த்தார். போகிற வருகிற ஜனமெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தது.

"கோடு நல்லா உட்கார்ந்திருக்கு" என்றார் மெல்ல.

பாய்லருக்குப் பின்னாலிருந்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "டாக்டர் சார், அப்படியே எனக்கும் பின்னாடி ஒரு பல்லு ஆடுது. ஒரு நிமிஷம் பார்த்துடுங்க!"